‘நடக்குதுல்லா’ என்று சொன்ன மகனுக்கு

உனக்கு எழுதும்போதெல்லாம் “மக்கா” என்றுதான் தொடங்குவேன். இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நேற்று போனில் சிரித்துக்கொண்டே, இன்னும் கோபம்தானா என்று கேட்டாய். ஆமாம், கோபம்தான். துபாய்க்கு விமானம் ஏறியதோடு எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்திருப்பாய். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுவர் ஏறிக் குதித்தவர்களையும், குதிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தவர்களையும் பார்த்துப் பழகியவள். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்பதற்காக நான் யாரையும் விட்டுவிட்டதில்லை. போனில் பேசினால் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை வாசி. இதை ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. அடுத்த மாதம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஷைனி வாசிக்கலாம், உன் அப்பா வாசிக்கலாம், வீட்டில் பூனை வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். நீ சொல்லிக்கொண்டு திரிகிற கதை வேறாக இருக்கிறதே. கல்யாண வேலைக்காக லீவில் வந்தாய். வந்த மறுநாளே வாடகைக்குக் கார் எடுத்து முற்றத்தில் நிறுத்தினாய். வெயில் நேரத்தில் சீனி அந்தக் காரின் பின்சக்கரத்தை ஒட்டிப் படுத்துக்கிடந்தது. மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையில் கண் திறக்காமல் கிடந்ததை எடுத்து வந்து நான் வளர்த்த பூனை அது, பேரும் அதனால் வந்ததுதான். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு காரைப் பின்னால் எடுத்தாய். சக்கரம் அதன் வாலில் ஏறியது. வால் அடியில் மாட்டிக்கொள்ள, உயிருக்குப் பயந்து அது முன்னால் பாய்ந்து இழுத்த இழுப்பில் கத்திய கத்தல் அடுக்களையில் நின்ற எனக்குக் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் அது மதிலைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது. நீ கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் செய்யலம்மா, ஓடிட்டுல்லா” என்றாய். நாகர்கோவிலில் தையல்காரர் காத்திருந்தார், கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும். போய்விட்டாய். தெரியாமல் நடந்தது, அதற்காக எனக்குக் கோபமில்லை. இறங்கிப் பார்க்கவில்லையே, அங்கே தொடங்கியது என் கோபம்.

சாயங்காலம் அது வந்தது. நடந்துதான் வந்தது. ஆனால் வால் தரையில் இழுபட்டது, நனைந்த கயிறு மாதிரி, அதற்கும் பூனைக்கும் சம்பந்தமே இல்லாதது போல. பின்பக்கத்து மயிர் ஈரமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம். பிறந்தது முதல் வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்யாத பூனை. தோட்டத்தில் குழி பறித்து, இருந்து, மண் போட்டு மூடி, மோந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மண் போட்டுவிட்டுத்தான் வரும். அது தன்னுடைய ஈரத்தைத் தானே பார்த்துவிட்டு நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்ந்தது. நகர்ந்த இடத்திலும் சொட்டியது. நான் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோட்டுத் துணியின் படத்தை ஷைனிக்கு அனுப்பிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்து, “வாலுதானம்மா. நடக்குதுல்லா, பிறகென்ன?” என்றாய்.

இந்த ‘நடக்குதுல்லா’ என்ற சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தடவை அது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். மறுநாள் அதை மூடிபோட்ட கூடையில் வைத்து, நானும் உன் அப்பாவும் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். காரில் கொண்டு விட உனக்கு நேரமில்லை. அங்கே இருந்த கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண், ஆனால் பொறுமையாகச் சொன்னாள். முதுகெலும்புக்குள் வருகிற தண்டுவடம் வால் வரைக்கும் போவதில்லையாம். முன்னாலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் நரம்புகள் மட்டும் ஒரு கற்றையாகக் கீழே இறங்கிப் போகின்றன. காலுக்குப் போகிற நரம்பு அந்தக் கற்றையில் மேலேயே பிரிந்துவிடும். வாலுக்கும், மூத்திரப்பைக்கும், மலவாய்க்கும் போகிறவை இன்னும் கீழே பிரியும். வாலைப் பிடித்து இழுத்தால் அந்தக் கீழ்நரம்புகள்தான் நீண்டு இழுபடும், சில சமயம் அறுந்தும் போகும். அதனால்தான் பூனை ஓடுகிறது, மதில் தாண்டுகிறது, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது. உள்ளே மூத்திரம் நிறைகிறது. நிறைந்ததை வெளியே விடச் சொல்லி மூளை அனுப்புகிற செய்தி பைக்குப் போய்ச் சேருவதில்லை.

நான் கேட்டேன், சொட்டுகிறதே டாக்டர், அப்படியானால் போகிறது என்றுதானே அர்த்தம் என்று. இல்லை என்றாள். தொட்டி நிறைந்தால் விளிம்பில் வழியுமே, அதுதானாம் இது. சொட்டுகிறது என்றால் உள்ளே வெடிக்கிற மாதிரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் பை நீண்டு நீண்டு தளர்ந்துபோகும், பிறகு நரம்பு சரியானாலும் பை சுருங்காது. அதற்கு முன்பே விஷம் ரத்தத்தில் ஏறிப் பூனை செத்துப்போகும். நடந்துகொண்டிருக்கிற பூனை, சொட்டுகிற பூனை, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். இதை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உன்னிடம் சொன்னேன். தலையை ஆட்டினாய். மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே தலையை ஆட்டினாய்.

இன்னொன்றும் அவள் காட்டினாள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பின்காலின் விரலை ஒரு சின்னக் கொறட்டால் நெருக்கினாள். சீனி சட்டென்று காலை இழுத்துக்கொண்டது. உன் அப்பா சந்தோஷப்பட்டு, உணர்ச்சி இருக்குல்லா டாக்டர் என்றார். அவள் சிரித்தாள். காலை இழுப்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது சார், முதுகே முறிந்து கிடக்கிற பூனைகூடக் காலை இழுக்கும், அது தண்டுவடமே செய்கிற வேலை, வலி தலைக்குப் போயிருக்கவே போயிருக்காது என்றாள். வலி தெரிகிறதா என்று பார்க்க முகத்தைப் பார்க்க வேண்டுமாம். திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா? சீனியின் காலை நெருக்கியபோது அது திரும்பிக் கத்தியது, கால் பிரச்சினை இல்லை. வால் நுனியை நெருக்கினாள், ஒன்றும் இல்லை, அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவாலிலும் ஒன்றும் இல்லை. வாலின் அடியில், முதுகோடு சேருகிற இடத்தில் நெருக்கினபோது, சீனி கழுத்தைத் திருப்பி அந்த டாக்டரை ஒரு பார்வை பார்த்து உறுமியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே உணர்ச்சி இருந்தால் மூத்திரம் திரும்பி வர நல்ல வாய்ப்பு, நரம்பு நீண்டிருக்கிறது, முழுக்க அறுந்துவிடவில்லை, சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். அதுவரை நாம்தான் கையால் மூத்திரத்தைப் பிழிந்து எடுக்க வேண்டும், தினமும், நேரம் தவறாமல்.

எப்படி என்று என் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். பூனையை நிற்க வைத்து, வயிற்றுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, விலாவிலிருந்து பின்பக்கமாகத் தடவிப் போனால் எலுமிச்சங்காய் மாதிரி ஒரு உருண்டை தட்டுப்படும். அதை விரல் நுனியால் குத்தாமல், உள்ளங்கையால் அணைத்து, மெதுவாக, விடாமல், வால் பக்கமாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் கிழிந்துவிடும், பயந்து அமுக்கினால் வராது. வீட்டுக்கு வந்த அன்று எனக்கு வரவில்லை. அழுதேன். மறுநாள் காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓடையின் மேல் நிறுத்தி அழுத்தினேன், பீய்ச்சியடித்தது. என் சேலை முழுக்கப் பட்டது. நான் அங்கேயே நின்று தோத்திரம் சொன்னேன். நீ பல் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாய்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன், நடந்துதான் வந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், நடக்கிறாளே, இனி என்ன என்று ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னை அடுக்களை வாசலில் பார்த்து, “அம்மா நடக்கியாளே, அப்ப ராத்திரி மீன்கொழம்பு உண்டா?” என்று கேட்டாய். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து எனக்கு மூத்திரம் போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, அதனால்தான் நடந்துகொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது? வீடு முழுக்க ஆட்கள். கடைசியில் உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழாய் வைத்தபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. சின்னப் பையன், தெரியாமல் கேட்டான் என்று அன்றைக்கு உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு உனக்கு முப்பதைத் தாண்டிவிட்டது.

பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிச்சயம் முடிந்த பிறகு அவர்கள் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து, அறை அறையாகப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, முந்திரிக்கொத்து தின்றுவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம்தான். ஒரு வாரமாக நீ அதே கவலையில் இருந்தாய். டைல்ஸைத் துடைத்தாய், மறுபடியும் துடைத்தாய். வீடு மூத்திரம் நாறுகிறது என்றாய். பூனையை எங்காவது மாற்றலாம் என்றாய். பின்னால் தேங்காய் போடுகிற அறையில் வைத்துக்கொள்கிறேன், அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். சரிம்மா என்றாய்.

அன்றைக்குக் காலையில் நான் சீனிக்கு மூத்திரம் எடுத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்து பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் தேங்காய் அறைக்குப் போனேன். கூடை இருந்தது, பூனை இல்லை. டெட்டால் வாசம் அடித்தது. உன் அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். நீதான் சொன்னாய், நல்ல செய்தி சொல்கிற குரலில்: “கடப்புறத்துல கொண்டு விட்டாச்சும்மா. அங்க மீனு கொள்ள உண்டு. நடக்குதுல்லா, பிழைச்சுக்கிடும்.” பூனையைப் போடச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தது உன் அப்பா. இங்கே யார் வீட்டிலும் பூனை அதிகமானால் சாக்கில் போட்டுக் கடற்கரையில் இறக்கிவிடுகிறார்கள், அது கொல்வதாகக் கணக்கில் வராது, புண்ணியம் செய்கிற மாதிரி ஒரு நினைப்பு. மீன் கிடைக்கும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மீனைத் தின்னலாம். குடித்த தண்ணீரை வெளியே எடுக்க அதற்கு என் கை வேண்டுமே. அதைத்தானே நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குச் சொன்னேன்?

எங்கே என்று கேட்டேன். கடியப்பட்டணம் என்றாய். நான் செருப்பைப் போட்டேன். இப்போது போனால் நாலு மணிக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று பின்னாலேயே வந்தாய். உன் இஷ்டம் போல் சொல் என்று சொல்லிவிட்டு, அதே பட்டுச்சேலையோடு திங்கள்நகர் போய் பஸ் பிடித்தேன்.

அங்கே போய் இறங்கினால் எங்கு பார்த்தாலும் பூனை. வள்ளத்துக்கு அடியில் பூனை, ஐஸ் பெட்டி மேல் பூனை, மதிலில் வரிசையாகப் பூனை. ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள், மீன் வாடை மட்டும் இருந்தது, மீன் இல்லை. பட்டுச்சேலையும் கைப்பையுமாக நான் “சீனி, சீனி” என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பின்னால் வந்து சிரித்தார்கள். வெள்ளையும் மஞ்சளும் கலந்த பூனை, வால் தொங்கும், இன்றைக்குக் காலையில் கொண்டு விட்டார்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். என் வயசிருக்கும் அவளுக்கு. அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். “உள்நாட்டுக்காரங்களுக்கு வேண்டாததையெல்லாம் கொண்டு தட்டதுக்கு எங்க கடப்புறந்தான் கெடைச்சுதா? பூனையும் இங்க, குப்பையும் இங்க. மீனு வேணும்னா மட்டும் மூக்கப் பொத்திட்டு வருவிய” என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். உனக்குச் சேர வேண்டிய ஏச்சு அவ்வளவையும் நான் நின்று வாங்கிக்கொண்டேன். பொழுது சாயும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வேன் போய்விட்டது. அம்மாவுக்குத் திடீரென்று பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர்களும் பாவம், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறோம் என்று புறப்பட, நீ அதற்கும் ஒரு பொய் சொல்லித் தடுத்திருக்கிறாய். எல்லாம் என் மேல் போட்டாய். “ஒரு பூனைக்கு வேண்டி அவங்க முன்னால என்ன நாணங்கெடுத்திட்டீங்களேம்மா” என்று கத்தினாய். சொல்கிறேன் கேள்: நாணக்கேடு வீடு நாறியதில் இல்லை. பின்னால் ஒரு அறையில் நோயோடு ஒரு உயிர் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று வந்தவர்களிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, அது நாணக்கேடு. அவர்களுக்குக் காட்டத்தான் வீடு, இருப்பவர்கள் வாழ்வதற்கு இல்லை என்று நினைத்தாயே, அதுவும் நாணக்கேடுதான்.

மறுநாள் விடிந்ததும் உன் அப்பாவை எழுப்பினேன். சாக்கைப் பிடித்தவர் நீங்கள், கூடையைப் பிடிக்கவும் நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். கடற்கரைக்குப் போனதும் நேற்று என்னை ஏசிய அதே பெண் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள். இன்னும் ஏசத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். “எக்கா, அந்த வலைக்கூடத்துல ஒண்ணு வலை மேல மூத்திரத்த ஒழுக்கிட்டுக் கெடக்கு, எனக்க மாப்பிள அடிக்கப் போனாரு, நான் விடல. உங்களுக்குள்ளதா பாருங்க” என்றாள். நான் ஓடினேன். மடித்து வைத்த நீல வலை மேல் சீனி ஒருக்களித்துக் கிடந்தது. என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. வயிற்றைத் தொட்டேன். எலுமிச்சங்காய் இல்லை, ஒரு மாங்காய் அளவு, கல் மாதிரி.

அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். அப்பா முன்காலைப் பிடித்துக்கொண்டார். அமுக்கினால் கிழிந்துவிடும், அமுக்காவிட்டால் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். வரவில்லை. சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். மறுபடியும் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன், பிறகு அழுத்தினேன். முதலில் சொட்டியது, பிறகு கம்பியாக வந்தது, ரத்தம் கலந்து சிவப்பாக வந்தது, மணல் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் “மாதாவே” என்று நெஞ்சில் கை வைத்தாள். உன் அப்பா அழுதார். பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மனுஷன் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு சரி. அவர் பார்த்துவிட்டார். நீ இன்னும் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போய், மருந்தும் குளுக்கோஸும் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ உன் அறைக் கதவைத் திறக்கவில்லை. புறப்படும் வரைக்கும் தேங்காய் அறைப் பக்கம் வரவில்லை. போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கெடச்சுதுல்லா, இனி விடுங்கம்மா என்றாய்.

நீ போன பிறகு ஷைனி எனக்கு வீடியோவில் போன் செய்தாள். பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். எனக்குப் பிரஷரே இல்லை என்றேன். அவள், “மாமி, பூனை செத்ததுல நீங்க ஒடைஞ்சு போயிட்டீங்கன்னு அவங்க சொன்னாங்க” என்றாள். என் மடியில் அப்போது சீனி படுத்திருந்தது. அதன் காதை நான் தடவிக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒன்றை உன் வசதிக்காகச் சாகடித்துவிட்டாய். போனைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கார் முதல் வலைக்கூடம் வரை. உன் பொய்யை மூடி வைப்பது என் வேலையில்லை. மூத்திரம் எப்படி எடுப்பது என்று மட்டும் அவள் கேட்டாள். உன் பொய்க்கு நீ அவளிடம் என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பது உங்கள் இரண்டு பேருக்குள் உள்ளது.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நீ போனில் சொல்கிற “சரிம்மா” இருக்கிறதே, அது அந்தப் பின்கால் இழுத்துக்கொண்ட மாதிரிதான். நெருக்கினால் இழுக்கிறாய், தலைக்கு ஒன்றும் போவதில்லை. நீ திரும்பிப் பார்க்க வேண்டும், கத்தினாலும் பரவாயில்லை, என்னைக் கடிக்க வந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு ஷைனியும் நடப்பாள். பிரசவம் முடிந்து நடப்பாள், வேலைக்குப் போய்விட்டு வந்து நடப்பாள், வயிற்றுக்குள் கல்லை வைத்துக்கொண்டு உன் அடுக்களையில் அங்குமிங்கும் நடப்பாள். நடக்கிறாளே, பிறகென்ன என்று நீ அவளிடம் மீன்குழம்பு கேட்டால், அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால் உன் வீட்டுக்கு வந்து உன்னை அடிப்பேன். கால் போகிறதா என்று பார்க்காதே. பக்கத்தில் போய் உட்கார், கேள், சொன்னால் காது கொடு. எனக்கு வயசாகிறது. நானும் இன்னும் கொஞ்ச காலம் நடந்துகொண்டுதான் இருப்பேன், அதைப் பார்த்து நீ நிம்மதியாக இருந்துவிடாதே.

இனி உன் கோட்டு விஷயம். தையல்காரர் கொடுத்தனுப்பினார். உன் அறையில் நாற்காலியில் தொங்கப் போட்டிருந்தேன். நேற்றுக் காலையில் சீனி அதை இழுத்துக் கீழே போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. துரத்தப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். அது பின்பக்கத்தைத் தாழ்த்தி, காதை மடக்கி, பழைய நாளில் தோட்டத்தில் உட்காருமே, அப்படி உட்கார்ந்தது. வால் செத்தபடி ஒரு பக்கம் கிடந்தது. சொட்டவில்லை. வந்தது. முழுதாக, தானாக, நிறுத்தாமல் வந்தது. “பெய்யி மக்கா, நல்லா பெய்யி” என்று சத்தமாகவே சொன்னேன், அப்பா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். முடித்துவிட்டு அது எழுந்து, உன் கோட்டின் கையை முன்னங்காலால் பறண்டிப் பறண்டி இழுத்து அதை மூடியது. மோந்து பார்த்தது. இன்னும் கொஞ்சம் மூடிவிட்டுப் போனது.

கோட்டை அலசி வெயிலில் போட்டிருக்கிறேன். வாசம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. வேறு தைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் நீ ஆலயத்தில் நிற்க வேண்டும். அந்த வால் இனி சரியாகாதாம், எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். நீ வந்து இறங்குகிறதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கேட்டு வைத்திருக்கிறேன். மயக்க ஊசி போட்டுக் கண் சொருகுகிறவரை பூனையை யாராவது மடியில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அப்பா வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ பிடித்துக்கொள். அது திரும்பி உன் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகு வீட்டுக்கு வா, உன்னை மக்கா என்று கூப்பிட முடிகிறதா என்று பார்க்கிறேன்.

அம்மா